வாங்கிய ரயில்வேயின் உரிமத்தை நம் உரிமத்தோடு சேர்ப்பது: கனடாவில் நான் பட்ட பாடு

கனடாவில் ஒரு ஷார்ட் லைன் ரயில்வேயில் அனுமதி, உரிமம், இன்சூரன்ஸ் சம்பந்தப்பட்ட காகிதங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரிய ரயில்வேக்கள் கட்டுப்படியாகவில்லை என்று கைவிட்ட கிளைப் பாதைகளை எடுத்து, ஆலைகளுக்கும் தானியக் கிடங்குகளுக்கும் சரக்கு ஓட்டும் சின்ன நிறுவனங்களைத்தான் ஷார்ட் லைன் என்கிறார்கள். எங்கள் பாதை முடியும் இடத்தில் தொடங்கும் இன்னொரு ஷார்ட் லைனை எங்கள் முதலாளிகள் வாங்கினார்கள். கையெழுத்தெல்லாம் ஆன பிறகு எனக்கு வந்த உத்தரவு ஒரே வரி: இரண்டு உரிமத்தையும் ஒன்றாக்கிவிடு, ஜனவரி 1 முதல் ஒரே கம்பெனி. அந்த ஒரு வரி ஒரு வருடத்துக்கு மேல் என் தூக்கத்தை எடுத்துக்கொண்டது. விவரம் கேட்க ஆள் இல்லை. தேடினால் 2023இல் கனேடியன் பசிபிக்கும் கான்சாஸ் சிட்டி சதர்னும் இணைந்தது மாதிரியான பெரிய கதைகள்தான் கிடைக்கும். அங்கே வழக்கறிஞர்களே ஒரு படை. சின்ன ரயில்வேயில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து இதைச் செய்பவருக்கு யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கனடாவில் மத்திய அரசின் அதிகாரத்துக்குள் ரயில் ஓட்ட ஒரு உரிமம் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று, 1996ஆம் ஆண்டின் கனடா போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் கனேடியப் போக்குவரத்து முகமை தரும் தகுதிச் சான்று. இது அடிப்படையில் பணத்தைப் பற்றியது. விபத்து நடந்தால் பாதிக்கப்பட்ட வெளியாட்களுக்கு ஈடு கொடுக்கும் அளவு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி. இன்னொன்று, ரயில்வே பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போக்குவரத்து அமைச்சர் தரும் இயக்கச் சான்று. 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது பாதுகாப்பைப் பற்றியது: விதிகள், பயிற்சி, இடர் மதிப்பீடு, பொறுப்பான அதிகாரி. இரண்டுக்கும் அலுவலகம் வேறு, படிவம் வேறு, கேட்கும் கேள்வி வேறு. ஒன்று கையில் வந்தால் மற்றது தானாக வராது. 'லைசென்ஸ்' என்று ஒருமையில் பேசும் எந்தத் திட்டத்தையும் அங்கேயே நிறுத்தி, எந்த லைசென்ஸ் என்று கேளுங்கள். வாங்கும் பாதை ஒரே மாகாணத்துக்குள் ஓடி மாகாண அரசின் அனுமதியில் இருந்தால் கதை இன்னும் மாறும். அது மத்திய அரசின் கீழ் உள்ள ரயில்வேயோடு ஒன்றாகும்போது இன்சூரன்ஸ் முதல் தொழிலாளர் சட்டம் வரை எல்லாம் இடம் மாறக்கூடும். எங்கள் இரண்டு பாதையும் ஏற்கெனவே மத்திய அரசின் கீழ் இருந்தன. அந்த ஒரு சிக்கலிலிருந்து தப்பித்தோம்.

கம்பெனியை வாங்கித் தந்த வழக்கறிஞர் தன் துறையில் கெட்டிக்காரர். அவர் சொன்ன இரண்டு விஷயமும் உண்மை. பங்குகள்தான் கை மாறின, ரயில்வே கம்பெனி அப்படியேதான் இருக்கிறது, அதன் சான்றும் அதனிடமே இருக்கிறது என்றார். பிற்பாடு இரண்டு கம்பெனியையும் ஒன்றாக இணைக்கும்போது, கம்பெனிச் சட்டப்படி புதிய உருவம் பழைய இரண்டின் சொத்தையும் கடனையும் அப்படியே சுமக்கும் என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். ஆனால் தகுதிச் சான்று என்பது எஞ்சினைப் போல, தண்டவாளத்தைப் போல ஒரு சொத்து இல்லை. இன்ன பெயருள்ள கம்பெனி, இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரை, இன்ன வழியாக, இவ்வளவு இன்சூரன்ஸோடு ஓட்டலாம் என்று சொல்லும் காகிதம் அது. பாதையின் இரு முனைகளும் வழியும் சான்றிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். இணைத்தால் பெயர், பாதை, இன்சூரன்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அப்புறம் பழைய சான்று எதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்? சான்றை மாற்றித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் புதிதாக நிரூபிக்க வேண்டும். பங்கு வாங்கியபோது பெரிதாக யாரும் எதையும் கேட்கவில்லை என்பதால் இணைக்கும்போதும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை அலுவலகம் முழுக்கப் பரவியிருந்தது. அதை உடைக்கவே எனக்குப் பல வாரங்கள் ஆயின. பெரிய தொகைக்கு நடக்கும் இணைப்பு என்றால் போக்குவரத்து அமைச்சருக்கும் அறிவிப்பு போக வேண்டும், பொதுநலன் பற்றிய கேள்வி இருக்கிறதா என்று முடிவு செய்ய அவருக்கு 42 நாள் அவகாசம் உண்டு. போட்டிச் சட்டத்தின் வரம்பைத் தாண்டும் ஒப்பந்தங்களுக்குத்தான் அது. எங்கள் ஒப்பந்தம் அதில் வரவில்லை. உங்களுடையது வருமா என்று முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் முதலில் கையில் எடுத்தது பாதை விவரம். வாங்கிய கம்பெனியின் சான்றில் எழுதியிருந்த வழியையும், ஓட்டுநர்கள் கையில் வைத்திருக்கும் கால அட்டவணையையும், நிலப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றும் மூன்று கதை சொல்லின. சான்றில் இருந்த ஒரு துண்டுப் பாதையில் பல வருடமாக ரயில் ஓடவில்லை. ஓடாமல் விட்டுவிட்டதும் சட்டப்படி சேவையை நிறுத்தியதும் ஒன்றல்ல. கனடாவில் ஒரு பாதையைக் கைவிட வேண்டுமென்றால் அதை மூன்று ஆண்டுத் திட்டத்தில் சேர்த்து வெளியிட வேண்டும், வாங்க ஆள் உண்டா என்று விளம்பரம் செய்ய வேண்டும், யாரும் வராவிட்டால் அரசுகளுக்கும் நகராட்சிகளுக்கும் நிகரக் கழிவு மதிப்பில், அதாவது பாதையைப் பிரித்து விற்றால் செலவு போகக் கிடைக்கும் விலையில், வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். இந்தப் படிகள் எல்லாம் முழுதாக நடந்ததற்கான காகிதம் விற்றவர்களிடம் இல்லை. இன்னொரு பக்கம், தினமும் ரயில் ஓடிக்கொண்டிருந்த ஒரு இணைப்புத் தண்டவாளம் குத்தகை நிலத்தில் இருந்தது, சான்றின் வாசகத்தில் அது எங்கே அடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கம்பெனியில் நெடுநாள் தண்டவாளப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் ஒருவர் என்னைச் சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் ஹைரெயில் வண்டியில் ஏற்றி, மைல் போஸ்ட் மைல் போஸ்ட்டாகக் காட்டிக்கொண்டே போனார். தண்டவாளம் பிரியும் இடத்தில் உள்ள எந்த ஸ்விட்ச் யாருடையது, எந்த வேலிக்கு அப்பால் ஆலையின் தண்டவாளம் தொடங்குகிறது என்று அவருக்கு மனப்பாடம். வழக்கறிஞரின் கோப்புகளில் கிடைக்காத பதில்களை அவரிடம் வாங்கினேன். அவரைப் போன்ற ஆட்கள் ஓய்வு பெற்றுப் போவதற்கு முன்னால் அவர்களோடு பாதை முழுக்க ஒரு முறை போய்வந்துவிடுங்கள். இந்த ஒப்பீட்டை வாங்குவதற்கு முன்பே செய்ய முடிந்தால் விலையில் பேசலாம். வாங்கிய பிறகு செய்தால் செலவு முழுக்க உங்கள் தலையில்.

இனி இன்சூரன்ஸ். என்னை உண்மையில் உலுக்கியது இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கனடாவில் சரக்கு ரயில்வே வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச இன்சூரன்ஸ் நான்கு படிகளாக இருக்கிறது: 2.5 கோடி டாலர், 10 கோடி டாலர், 25 கோடி டாலர், 100 கோடி டாலர். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை, ஒரு ஆண்டில் எவ்வளவு கச்சா எண்ணெய், சுவாசித்தால் நஞ்சாகும் குளோரின், அமோனியா போன்ற பொருட்கள், மற்ற அபாயகரமான சரக்கு ஆகியவற்றை ஏற்றிச் செல்கிறோம் என்பது தீர்மானிக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். எங்கள் கம்பெனி ஒரு படியில் வசதியாக நின்றது. வாங்கிய கம்பெனியும் தன் படியில் வசதியாக நின்றது. இரண்டும் ஒரே கம்பெனி ஆனால் டன்கள் கூடும். கூடிய டன் கணக்கு அடுத்த படியின் வாசலைத் தாண்டிவிட்டது. ஒரு டாங்கர் வண்டி கூட அதிகமாக ஓடவில்லை, ஒரு புதிய வாடிக்கையாளர் கூட வரவில்லை, ஆனால் இரண்டு பெயர் ஒரு பெயரானதால் மட்டும் எங்களுக்கு வேண்டிய இன்சூரன்ஸ் பல மடங்கு ஆனது. இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன் யாரும் போடவில்லை. இணைப்பால் இவ்வளவு மிச்சமாகும் என்று இயக்குநர் குழுவுக்குக் காட்டிய அட்டவணையில் பிரீமியம் உயரும் என்ற வரியே கிடையாது.

இன்சூரன்ஸ் புரோக்கர் அனுப்பிய விலைப்புள்ளியைப் பார்த்த அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. வருடத்துக்கு ஆறு இலக்க டாலர் கூடுதல் செலவு, அதுவும் இனி ஒவ்வொரு வருடமும். இந்த அளவுக்கு ரயில்வே இன்சூரன்ஸ் தருபவர்கள் உலகத்திலேயே குறைவு. லண்டன், பெர்முடா என்று கதவைத் தட்டி, ஒருவர் முதல் அடுக்கை எடுக்க, இன்னொருவர் அதற்கு மேல் அடுக்கை எடுக்க என்று துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் முழுத் தொகையும் வரும். மேல் அடுக்கில் ஒருவர் பின்வாங்கினால் மறுபடியும் தேடல். சரி, குறைக்க வழியே இல்லையா என்று நானே சரக்குச் சீட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. புரோக்கர் இரண்டு கம்பெனியின் வருடாந்தர டன்களை அப்படியே கூட்டியிருந்தார். ஆனால் எங்கள் பாதையிலிருந்து அவர்கள் பாதைக்குத் தொடர்ந்து போகும் வண்டிகள் இருக்கின்றன. அந்த டன்னை எங்கள் கணக்கிலும் எழுதியிருக்கிறோம், அவர்கள் கணக்கிலும் எழுதியிருக்கிறார்கள். ஒரே கம்பெனி ஆன பிறகு அது ஒரே டன்தான். அந்த இரட்டைக் கணக்கை எடுத்ததும் மொத்த டன் நன்றாக இறங்கியது. படிக்குக் கீழே போகும் அளவுக்கு இறங்கவில்லை, ஆனால் இன்சூரன்ஸ்காரர்களோடு பேரம் பேச அது பெரிதாக உதவியது. இணைக்கப் போகும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒவ்வொரு அபாயச் சரக்கையும் தனித்தனியாக, தொடர்ந்து போகும் வண்டிகளைக் கழித்து, இணைந்த கம்பெனிக்கான டன் கணக்கை நீங்களே போடுங்கள். அதன் முடிவு படியைத் தாண்டினால், இணைப்பதால் கிடைக்கும் மிச்சம் அந்தப் பிரீமியத்தைத் தாங்குமா என்று பாருங்கள். தாங்காவிட்டால் இரண்டு கம்பெனியாகவே வைத்திருப்பதும் முழுக்க நியாயமான வழிதான்.

இந்த விதியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 2013 ஜூலை 6 அன்று கியூபெக்கில் உள்ள லாக் மெகாண்டிக் ஊரின் நடுவே கச்சா எண்ணெய் ரயில் தடம்புரண்டு எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். அந்த ரயிலை ஓட்டிய மான்ட்ரியல் மெயின் அண்ட் அட்லாண்டிக் ஒரு சின்ன ரயில்வே, எங்களைப் போல. அதனிடம் இருந்த இன்சூரன்ஸ் 2.5 கோடி டாலர். இழப்புக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை, கம்பெனி திவாலானது. அந்த ஆகஸ்டில் முகமை அதன் தகுதிச் சான்றை இடைநிறுத்தும் உத்தரவை இட்டதற்கும் இன்சூரன்ஸ்தான் காரணம். இன்றைய நான்கு படிகளும், கச்சா எண்ணெய் டன்னுக்கு வசூலிக்கப்படும் தொகையில் உருவாகும் இழப்பீட்டு நிதியும் அதன் பிறகு 2015இல் நிறைவேறிய சட்டத்தால் வந்தவை. எங்கள் பாதை ஓரத்திலும் வீடுகள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் இருக்கிறது. அந்த இன்சூரன்ஸ் இல்லாமல் அந்த வழியாக டாங்கர் ஓடக் கூடாது என்று நான் மனதார நம்புகிறேன். என் வருத்தமெல்லாம், இவ்வளவு முக்கியமான கணக்கை வாங்கும் மேசையில் யாரும் எழுப்பவில்லை என்பதுதான்.

தேவையான அளவு இன்சூரன்ஸ் கிடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாலிசியிலும் முதல் இவ்வளவு லட்சம் டாலர் வரை இழப்பை நாமே ஏற்க வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கும். அதைக் கொடுக்கும் சக்தி நம்மிடம் உண்டா என்பதை நிதி அறிக்கைகளோடு காட்ட வேண்டும். எந்தக் கம்பெனியின் நிதி அறிக்கை? இணைந்த கம்பெனி இன்னும் பிறக்கவே இல்லை. பழைய இரண்டின் ஆடிட் செய்த அறிக்கைகளையும், இணைந்த முதல் நாளில் இருப்புநிலை எப்படி இருக்கும் என்ற கணிப்பையும் சேர்த்துக் கொடுத்தோம். வாங்குவதற்காக எடுத்த வங்கிக் கடன் அந்தக் கணிப்பில் உட்கார்ந்து மொத்தத்தையும் பலவீனமாகக் காட்டியது. பிரீமியத்தைக் குறைக்க நாமே ஏற்கும் பகுதியை உயர்த்தலாம் என்று புரோக்கர் ஒரு யோசனை சொல்வார். உயர்த்தினால் அதைக் கொடுக்கும் சக்தியை நிரூபிப்பது கஷ்டமாகும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து முடிவெடுங்கள், கணக்குப் பிரிவு ஒரு பக்கம் புரோக்கர் ஒரு பக்கம் என்று விடாதீர்கள். பாலிசியில் இருக்கும் கம்பெனிப் பெயரும் சான்றில் வரப்போகும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று இரண்டு வைத்திருக்கும் கம்பெனிகள் இங்கே நிறைய.

பாதுகாப்புப் பக்கத்தில் வேலை அதிகம், ஆனால் அடி குறைவு. 2015இல் வந்த பாதுகாப்பு மேலாண்மை முறை ஒழுங்குவிதிகளின்படி, இயக்கத்தில் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடிய மாற்றம் வருமானால் முன்கூட்டியே இடர் மதிப்பீடு செய்ய வேண்டும். ரயில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு டிஸ்பாட்ச் அலுவலகம் ஒன்றாவது, மேற்பார்வையாளர் எண்ணிக்கை மாறுவது எல்லாம் இதில் வரும். முழுப் பொறுப்பையும் ஏற்கும் ஒரு அதிகாரியின் பெயரையும் கொடுக்க வேண்டும். இரண்டு கம்பெனியிலும் அப்படி ஒருவர் இருந்தார், யார் தொடர்வது என்ற பேச்சு கசப்பாகவே போனது. நிறையப் பேர் தவறவிடக்கூடிய ஒன்று இங்கே உண்டு. பழைய கம்பெனிக்குச் சில விதிகளிலிருந்து விலக்கு கிடைத்திருக்கும். அந்த விலக்கு அந்தக் கம்பெனியின் பெயருக்கு, அந்த இடத்துக்கு, சில நிபந்தனைகளோடு கொடுக்கப்பட்டது. இணைந்த கம்பெனி அதை அப்படியே அனுபவிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றையும் பட்டியல் போட்டு, புதிய பெயரில் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்து, வேண்டுமென்றால் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேளுங்கள். பாதுகாப்பு விதியை மீறினால் ஒரு கம்பெனிக்கு ஒரு மீறலுக்கு 2,50,000 டாலர் வரை அபராதம் உண்டு.

ஜனவரி 1 எங்களைத் தாண்டிப் போனது. முகமை முழு விண்ணப்பம் கிடைத்த பிறகு 120 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். 'முழு' என்பதுதான் முக்கியம். இன்சூரன்ஸ் மேல் அடுக்கு கையெழுத்தாகாமல் விண்ணப்பம் முழுதாகாது, அது முழுதாகாமல் நாள் எண்ணிக்கை தொடங்காது. நாங்கள் தேதியை முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி வேலை செய்தோம். இன்சூரன்ஸ் கிடைக்கும் தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணி, அதன் பிறகுதான் இணைப்புத் தேதியை வைத்திருக்க வேண்டும். தேதி தள்ளிப் போனதன் விலை எங்கெங்கோ எகிறியது. இரண்டு கம்பெனிக்கும் இன்னொரு வருடம் தனித்தனி ஆடிட். இரண்டு பாலிசியும் வெவ்வேறு மாதத்தில் முடிந்ததால் ஒன்றைக் குறுகிய காலத்துக்கு நீட்டிக்க வேண்டியிருந்தது. குறுகிய கால நீட்டிப்புக்கு அவர்கள் சொல்வதுதான் விலை. எல்லாவற்றையும் விட வலித்தது வங்கி. கடன் ஒப்பந்தத்தில் இன்ன தேதிக்குள் இரண்டு கம்பெனியும் இணைந்துவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அனுமதி நம் கையில் இல்லாத ஒரு விஷயத்துக்குத் தேதி போட்டு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதைத் தளர்த்த வங்கிக்குக் கட்டணம், வங்கியின் வழக்கறிஞருக்கும் நாங்களே கட்டணம். எல்லாம் சேர்த்தால், முதலாளிகள் இணைப்பால் முதல் இரண்டு வருடத்தில் மிச்சமாகும் என்று நினைத்த தொகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வங்கி ஒப்பந்தத்தில் 'எல்லா அரசு அனுமதியும் கிடைத்த இத்தனை நாளுக்குள்' என்று எழுத வைத்திருந்தால் இந்தப் பணம் போயிருக்காது.

அந்த மாதங்களில் எனக்கிருந்த பயம் வேறு வகை. அவசரத்தில் யாராவது இணைப்புக் காகிதத்தைத் தாக்கல் செய்துவிட்டால், மறுநாள் காலையில் ஓடும் ரயில் எந்தச் சான்றின் கீழ் ஓடும்? சான்றில்லாமல் ரயில் ஓட்டக் கூடாது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு விபத்து நடந்து, பாலிசியில் ஒரு பெயரும் சான்றில் இன்னொரு பெயரும் இருந்தால் பாதிக்கப்பட்டவர்களின் கதி என்ன? இதைச் சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் நான் வேண்டாதவன் ஆனேன். கூட்டத்தில் நான் வாயைத் திறந்தாலே சிலர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிப்பார்கள். இந்த வேலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், அந்தத் தனிமை உங்களுக்கு மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கவலையை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில், தேதியோடு, இயக்குநர் குழுவுக்கே அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பிய பிறகுதான் வேகம் குறைந்தது.

இடைக்காலத்தில் இரண்டு கம்பெனியாகவே ஓட்டினோம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. முதலாளி ஒருவர்தானே, எங்கள் ஆட்களே ரயிலை எடுத்துக்கொண்டு அந்தப் பாதைக்குள்ளும் போகட்டும் என்று இயக்கப் பிரிவு ஆசைப்பட்டது. ஆனால் எங்கள் சான்றில் அந்தப் பாதை இல்லை. அதனால் இரண்டு பாதையும் சேரும் இடத்தில் வண்டிகளை முறைப்படி ஒப்படைத்து, அவர்கள் ஆட்கள் அவர்கள் எஞ்சினோடு வந்து எடுத்துப் போகும் பழைய வழக்கத்தையே வைத்துக்கொண்டோம். நேரம் வீணாகிறது என்று எரிச்சல் எழுந்தது, நியாயமான எரிச்சல்தான். கணக்கு, கொள்முதல், சம்பளப் பட்டியல் போன்றவற்றை மட்டும் முதலில் ஒன்றாக்கி அந்த மாதங்களைக் கடத்தினோம். இதற்கிடையில் தொழிற்சங்கங்களோடு பேச்சையும் தொடங்கிவிடுங்கள். இரண்டு பணிமூப்புப் பட்டியலை ஒன்றாக்குவது எந்த அனுமதியையும் விட மெதுவாக நடக்கும் வேலை.

இன்னொரு முடிச்சு: சான்று கேட்க இணைந்த கம்பெனி வேண்டும், கம்பெனியை இணைக்கச் சான்று வேண்டும். நாங்கள் செய்தது இது. புதிய பெயர் வைக்கும் ஆசையை விட்டுவிட்டு, பெரிய சான்று எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரையே இணைந்த கம்பெனிக்கும் வைத்தோம். கையெழுத்தாகித் தாக்கல் செய்யாமல் வைத்திருந்த இணைப்பு ஒப்பந்தத்தையும், இணையும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் இன்சூரன்ஸ் உறுதியையும் விண்ணப்பத்தோடு சேர்த்து, இணையும் நாளிலிருந்து அமலுக்கு வரும்படி மாற்றத்தைக் கேட்டோம். விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு அலுவலகத்தின் அதிகாரிகளோடும் பேசி, இந்த வரிசை சரிதானா என்று கேட்டுக்கொண்டோம். கேட்டால் பதில் சொல்கிறார்கள். அந்த முதல் தொலைபேசி அழைப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

அனுமதிகள் வந்த அன்று எனக்கு மகிழ்ச்சியை விட அசதிதான் இருந்தது. ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. எல்லை தாண்டும் ரயிலுக்குக் கனேடிய, அமெரிக்கச் சுங்க அலுவலகங்களில் இருக்கும் கேரியர் கோட், அதாவது சரக்கு ஏற்றும் கம்பெனியை அடையாளம் காட்டும் குறியீடு, கம்பெனியின் பெயரோடு ஒட்டியது, அது மாறாமல் எல்லையில் வண்டி நகராது. அபாயச் சரக்கு விவரம் பெறும் நகராட்சிகளின் அவசரகால அதிகாரிகளுக்குப் புதிய தொடர்பு விவரம் போக வேண்டும். கட்டணப் பட்டியல்களை இணைந்த கம்பெனியின் பெயரில் வெளியிட வேண்டும். ஏதாவது ஒரு கட்டணத்தை உயர்த்துவதாக இருந்தால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வாடிக்கையாளர்களோடு உள்ள ரகசிய ஒப்பந்தங்களில், இணைப்பு நடந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும் என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். எங்களிடம் இரண்டில் இருந்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது லெவல் கிராசிங் பலகைகள். ஒவ்வொரு கிராசிங்கிலும், வண்டி தண்டவாளத்தில் சிக்கினால் கூப்பிடுங்கள் என்று ஒரு தொலைபேசி எண் எழுதியிருக்கும். அது பழைய கம்பெனியின் எண். பலகைகளை மாற்றப் பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு நேராகப் புதிய டிஸ்பாட்ச் மேசையில் ஒலிக்க வேண்டும். பழைய கம்பெனியின் தொலைபேசி இணைப்புகளை ரத்து செய்யும் பட்டியலைக் கணக்குப் பிரிவு செலவு குறைக்கிறேன் என்று முதல் வாரத்திலேயே அனுப்பிவிடும். அந்த எண் அதில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து, இருந்தால் உங்கள் கையாலேயே அந்த வரியை அடித்து நீக்கிவிடுங்கள்.